அவள் கேட்கவில்லை, நீ சொல்லவில்லை

தம்பி,

தங்காக்கிலிருந்து திரும்பி வந்து, உன் கல்யாணச் சேலைகளைப் பையோடு அலமாரியில் வைத்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். மாலையில் நீ கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டபோது, "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாய். குரல் கொஞ்சம் மாறினாலும் உன் காது பிடித்துவிடும். "அலைச்சல்தான், வேற ஒன்னும் இல்ல" என்றேன். அது பொய். சொல்ல வேண்டியதைப் போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாய், கடைசியில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுவாய். நீ பேச ஆரம்பித்த நாளிலிருந்து உன் குரலிடம் நான் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். காகிதத்துக்குக் குறுக்கே உன்னால் பேச முடியாது.

கல்யாணத்துக்கு முன்னால் பெற்றவள் எழுதும் கடிதத்தில் நல்ல வார்த்தைகள் இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். பெண்டாட்டியைக் கண் கலங்காமல் வைத்துக்கொள், கோபத்தைக் குறைத்துக்கொள், இரண்டு வீட்டையும் ஒன்றாகப் பார். அதையெல்லாம் உன் மாமனார் சொல்லிவிடுவார். அவர் கையில் மைக் கொடுத்தால் போதும். எனக்கு வேறு பேச்சு இருக்கிறது. நீ ஜெயித்த அதே தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில், கல்யாணம் முடிந்து அடுத்த ஆண்டு நடுவர் நாற்காலியில் உட்காரப் போகிறாய். நம் ஊர் உலு திராமில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். நீ அந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும்.

முதலில் உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பெற்றவளே எனக்கு எதிராகப் பேசுகிறாள் என்பாய். நீ பத்துப் பன்னிரண்டு வருடம் கல்யாண விருந்துகளில் பாடினாய். வாரநாளெல்லாம் விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய் ஏர்கோன் குளிரூட்டிகளைப் பழுது பார்த்துவிட்டு, சனிக்கிழமை ஆனால் பளபளக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு மாசாய், கூலாய், குளுவாங் என்று மண்டபம் மண்டபமாகப் போனாய். அந்தச் சட்டைகளை இஸ்திரி போட்டவள் நான். வியர்வையில் அக்குள் நிறம் மாறியதை வேறு துணி வைத்து மறைத்துத் தைத்தவளும் நான்தான். நீ உழைக்காமல் வந்தவன் என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயை நானே அடைப்பேன்.

மெர்சிங்கில் நம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் நினைவிருக்கிறதா? நானும் அப்பாவும் விருந்தாளிகளாக வந்திருந்தோம், நீ பாட வந்திருந்தாய். நீ கண்ணை மூடிக்கொண்டு ஒரு மெதுவான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாய். பாதியில் அறிவிப்பாளர் மேடைக்கு வந்து இன்னொரு மைக்கில், வெள்ளை மைவி கார் வழியை மறித்து நிற்கிறது, உரிமையாளர் வந்து எடுக்கவும் என்றார். நீ நிறுத்தவில்லை. அவர் குரலுக்குக் கீழேயே பாடிக்கொண்டு போனாய். அதற்குள் பிரியாணி மேசையைத் திறந்துவிட்டார்கள். மண்டபம் மொத்தமும் எழுந்து உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. நீ அந்த முதுகுகளுக்குப் பாடி முடித்து, "நன்றி" என்றாய். யாருக்குச் சொன்னாய் என்று தெரியவில்லை. பிறகு மேடைக்குப் பின்னால் உங்கள் குழுவுக்குச் சாப்பாடு வந்தபோது கோழி தீர்ந்து குழம்பு மட்டும்தான் இருந்தது. வரும் வழியில் காரில், "ஜனங்க சாப்பிடத்தான்மா வர்றாங்க, பாட்டு கேக்கவா வர்றாங்க" என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகவே, டிவியில் போட்டி வருகிறது, போகப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் தடுக்கவில்லை. "எனக்கும் ஒரு வாசல் திறக்கணும்மா" என்றாய். திறக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டேன். அந்தப் போட்டி மேடையே ஏறாத புதுக் குரல்களுக்கு என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, நீதான் வாராவாரம் மேடை ஏறுகிறாயே என்றேன். அதற்குப் பதில் சொல்ல அந்த நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்த பையன் நம் வீட்டுக்கே வந்தான். "பாட்டு ரிலீஸ் பண்ணவங்கதான் ஆன்ட்டி ப்ரொபஷனல். அண்ணன் டின்னர்ல பாடுறவரு. அதெல்லாம் கணக்குல வராது லா" என்றான். நீ பாடிய அத்தனை வருடமும் கணக்கில் வராது என்று ஒருவன் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் போட்ட மைலோவைக் குடித்துக்கொண்டு சொல்கிறான். உனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் தம்பி. நீ சிரித்தாய். தப்பித்தோம் என்கிற சிரிப்பு அது. எனக்குக் கசப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அடுத்த வாரம் கேமராவோடு வந்தார்கள். கூடத்துச் சுவரில் நீ மைக்கோடு நிற்கும் படங்கள் இருந்தன அல்லவா, அதையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். படம் இருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. அந்தப் பையன் சமையலறையிலிருந்து காலண்டரை எடுத்து வந்து அதன்மேல் மாட்டினான். உன்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் படம் பிடித்து, "ஹெல்மெட்டுக்குள் மட்டுமே பாடிவந்த குரல்" என்று எழுத்துப் போட்டார்கள். என்னிடம், உங்கள் மகன் எங்கே பாடுவார் என்று கேட்டார்கள். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லிக் கொடுத்தார்கள். "குளிக்கும்போது பாடுவான்" என்று நானும் சொன்னேன். முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு சொன்னேன். உன்னை மட்டும் குற்றம் சொல்லி நான் யோக்கியமானவள் ஆகிவிட முடியாது என்பதற்காக இதையும் எழுதி வைக்கிறேன்.

உன்னோடு போட்டியிட்டவர்களில் பலர் எனக்கு மறந்துவிட்டார்கள். ஜெசிந்தா மட்டும் மறக்கவில்லை. தங்காக்கில் ஒரு துணிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற பெண். சர்ச்சில் கொயரில் பாடுவாள், வேறெங்கும் பாடியதில்லை. உண்மையாகவே இல்லை. முதல் சுற்றில் அவள் மைக்கை ஐஸ்கிரீம் மாதிரி வாயருகே பிடித்துக்கொண்டு நின்றாள். நீதான் போய், கொஞ்சம் தள்ளிப் பிடி, மூச்சு இழுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள் என்று சொல்லிக் கொடுத்தாய். அதையும் படம் பிடித்துப் போட்டார்கள். ஊரே உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. எனக்கும் உச்சி குளிர்ந்தது. என் பிள்ளைக்கு ஜெயிக்கத் தெரிவதோடு கொடுக்கவும் தெரிகிறது என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

இறுதிச்சுற்றில் நீயும் அவளும் மிஞ்சினீர்கள். நாங்கள் உன் முகம் அச்சடித்த டீ-சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வரிசையில் அவள் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா பல்லவியை எவ்வளவு அழகாகப் பாடினாள். உன்னைவிட அழகாக என்று அப்போது நினைத்து, அப்படி நினைத்ததற்காக என்னையே கடிந்துகொண்டேன். சரணத்தில் பாட்டு மேலே ஏறியது. ஏறிய இடத்தில் அவள் குரல் உடைந்தது. உடைந்ததும் பயந்தாள், பயந்ததும் அடுத்த வரியும் போய்விட்டது. நேரடி ஒளிபரப்பு, நாடே பார்த்தது. "மேடை அனுபவம் போதவில்லை" என்றார் நடுவர். பிறகு நீ பாடினாய். அதே நடுவர், முதல்முறை மேடை ஏறியவருக்கு இத்தனை நிதானமா என்று வியந்தார். நீ குனிந்து கும்பிட்டாய். நானும் எழுந்து நின்று கை தட்டினேன். அவள் அம்மா ஜெபமாலையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

இதுவரை நடந்ததை நான் விழுங்கிவிட்டேன். யாருக்கும் மேடையில் குரல் உடையலாம். ஆனால் மறுநாள் மதியம் நம் வீட்டில் நடந்த விருந்தை என்னால் விழுங்க முடியவில்லை. உன் பழைய குழுவில் கீபோர்டு வாசித்த சேகரும் வந்திருந்தார். போட்டியிலும் அவர்தானே வாசித்தார். நான் ஆட்டுக்கறி பரிமாறிக்கொண்டிருந்தேன். சேகர்தான் பேச்சை எடுத்தார்.

"பாவம் அந்தப் பொண்ணு. ஒத்திகையில என்ன ஸ்கேல்மான்னு கேட்டேன். அதே பாட்டுதான் அண்ணான்னு சொல்லுச்சு. சரி, ஒரிஜினல்லயே வாசிச்சிட்டோம். ஒத்திகைய நேரமில்லாம பல்லவியோட நிறுத்தினதால சரணம் பாடிப் பாக்கவே இல்ல."

நீ சிரித்தாய். "அதுக்கு ஸ்கேல்னா என்னன்னே தெரியாதுண்ணே. காரிடார்ல தனியா பாடிப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. ஒரிஜினலுக்கு நல்லா கீழ பாடுது. முன்ன பாடின பாட்டெல்லாம் அவ்வளவு மேல ஏறாததால தப்பிச்சுது. அப்பவே தெரியும், சரணத்துல மாட்டிக்கும்னு."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"போட்டிம்மா. அவ கேக்கல, நான் சொல்லல."

"விடு, அவன் ஜெயிச்சுட்டான்ல. சாப்பிட விடு" என்றார் அப்பா. நீ இன்னொரு துண்டுக் கறி கேட்டாய். நானும் போட்டேன்.

இந்த ஸ்கேல் விஷயம் எனக்குப் புரியாது என்று நினைத்துத்தான் நீ அப்படிச் சிரித்திருப்பாய். உன் சட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டு நான் மண்டபங்களில் உட்கார்ந்திருக்கவில்லை. நாம் தனியாகப் பாடும்போது நம் தொண்டைக்குத் தோதான உயரத்தில் ஆரம்பிப்போம், எங்கும் சிக்காது. பேண்டோடு பாடும்போது அவர்கள் வாசிக்கிற உயரத்தில்தான் பாடியாக வேண்டும். அந்த உயரம் நமக்கு ஒத்து வராவிட்டால், இறக்கி வாசியுங்கள் என்று கேட்கலாம். நீ எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறாய். தொண்டை கட்டியிருக்கும் நாட்களில் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரலைக் கீழ்நோக்கிக் காட்டுவாய். ஒரு விரல் காட்டினால் அரைக் கட்டை, இரண்டு விரல் காட்டினால் ஒரு கட்டை. சேகர் இறக்கிவிடுவார். முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்த இறுதிச்சுற்றில்கூட உன் பாட்டை அரைக் கட்டை இறக்கித்தான் பாடினாய். சேகரே சொன்னார்.

பல நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். விருந்துகளில் உன்னைப் பார்த்தவர்கள் அடையாளம் கண்டு சொன்னதும், உன்னைப் போன்றவர்களும் அவளைப் போன்றவர்களும் ஒரே மேடையில் போட்டியிடுவது நியாயமா என்று எத்தனையோ பேர் ஃபேஸ்புக்கில் சண்டை போட்டார்கள். நன்றாகப் பாடுகிறவன் நன்றாகப் பாடத்தான் செய்வான், அதில் என்ன குற்றம் என்று சிலர் உனக்காகப் பரிந்து பேசினார்கள். பயிற்சி குற்றமில்லை, நானும் ஒத்துக்கொள்கிறேன். உன் குரலின் பழக்கம், மூச்சின் நீளம், பயப்படாத கால்கள், எல்லாம் நீ முதுகுகளுக்குப் பாடிச் சம்பாதித்தவை. அவற்றைக் கொண்டு நீ அவளை ஜெயித்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். பாட்டை இறக்கலாம் என்பது உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. பாட்டு கடவுள் கொடுத்தது மாதிரி, அது இருக்கிற உயரத்துக்கு நாம்தான் எட்ட வேண்டும் என்று அவள் நினைத்தாள். கேட்கலாம் என்பதே தெரியாதவள் எப்படிக் கேட்பாள்? அவ கேக்கல என்று நீ சொன்னாயே, அந்த வார்த்தைதான் என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

பாசிர் கூடாங் ஃபேக்டரியில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையை உனக்குப் பள்ளி நாட்களில் சொல்லியிருக்கிறேன். நீ மறந்திருப்பாய். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து எலக்ட்ரானிக் பலகைகளில் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்த வேண்டும். என் நாற்காலி எனக்கு மிகவும் தாழ்வு. தோளைத் தூக்கிக்கொண்டே வேலை செய்து, வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசையக் கை வராது. ஃபேக்டரி என்றால் வலிக்கத்தான் செய்யும், எல்லாரும் தாங்குகிறார்கள், எனக்குத்தான் உடம்பு போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கக் நோர் என்று ஒரு மலாய் அக்கா. எங்கள் வரிசையில் யார் அதிகம் முடிக்கிறார்களோ அவர்களுக்கு மாதக் கடைசியில் ஊக்கத்தொகை உண்டு. அது மாதாமாதம் அவருக்குத்தான் போகும். ஒரு நாள் நான் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். "அலமாக், தாரிக் இனி லா", அடடா, இதை இழு என்று சொல்லி, குனிந்து, என் நாற்காலிக்கு அடியில் இருந்த ஒரு பிடியை இழுத்தார். நாற்காலி மேலே ஏறியது. அப்படி ஒரு பிடி இருப்பதே எனக்குத் தெரியாது. அடுத்தடுத்த மாதங்களில் நான் அவரைவிட அதிகம் முடித்தேன். அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அவரும் போட்டியில்தான் இருந்தார் தம்பி. நான் கேட்கவில்லை, அவர் சொன்னார்.

இனி இன்றைக்கு நடந்தது. தங்காக்கில் அப்பா காரை நிறுத்திவிட்டுத் தே தாரிக் டீ குடிக்கப் போய்விட்டார். எத்தனையோ துணிக்கடைகள் இருக்கும் அந்தத் தெருவில், கண்ணாடியில் தொங்கிய மெரூன் சேலை நன்றாக இருக்கிறதே என்று நான் ஒரு கடைக்குள் ஏறினேன். உள்ளே, கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு ஜெசிந்தா நிற்கிறாள். அவள்தான் முதலில் என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, அண்ணனோட அம்மாதானே? வாங்க, உக்காருங்க. அண்ணனுக்குக் கல்யாணம்னு இன்ஸ்டாகிராம்ல பார்த்தேன்."

நாற்காலி போட்டாள், தண்ணீர் போத்தல் கொடுத்தாள். உன் வருங்கால மனைவியின் நிறத்துக்கு எது எடுக்கும் என்று போனில் அவள் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சேலைகளை விரித்தாள். எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, இன்னும் பாடுகிறாயா என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இல்ல ஆன்ட்டி. கொயர்ல இருந்தும் நின்னுட்டேன். எனக்கு மேல போற தொண்டை இல்ல, அதான் எல்லாரும் பார்த்துட்டாங்களே." சேலையின் மடிப்பைக் கையால் நீவிவிட்டாள். "கடைக்கு வர்றவங்க சில பேரு போன்ல அந்த வீடியோவப் போட்டுக் காட்டி, இது நீதானேன்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிட்டுத் துணிய எடுத்துப் போடுவேன்."

அவளே தொடர்ந்தாள். "அண்ணன் ரொம்ப நல்லவரு ஆன்ட்டி. மைக் புடிக்க அவருதான் சொல்லிக் குடுத்தாரு. யாரு சொல்லிக் குடுப்பா, சொல்லுங்க."

அதற்குமேல் எனக்கு மனசு கேட்கவில்லை. அவளிடம், உன் தொண்டையில் ஒரு குறையும் இல்லை, பேண்டு உனக்கு உயரமாக வாசித்துவிட்டது, இறக்கி வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், எல்லாரும் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டேன். என் பிள்ளையைக் காட்டிக் கொடுக்கிறோமே என்று சொல்லும்போதே தோன்றியது. ஆனாலும் சொன்னேன். அவள் சேலையைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"பாட்டையே இறக்கலாமா ஆன்ட்டி?"

"இறக்கலாம்மா."

"நான்தான் ஏறணும்னு நெனச்சேன்." பிறகு கேட்டாள். "அண்ணனுக்கு அது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உன்னைப் பெற்றவள் அந்த ஒரு பொய்யைச் சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. "தெரியும்" என்றேன்.

"ஓ" என்றாள். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விரித்த சேலைகளை ஒவ்வொன்றாக மடித்தாள். மெரூன் சேலைக்கு ப்ளவுஸ் துணி தனியாக வேண்டுமா என்று கேட்டாள். கல்லாவில் இருந்தவரிடம், "நமக்குத் தெரிஞ்சவங்க, என் டிஸ்கவுண்டப் போட்டுக் குடுங்க" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உன்மேல் எனக்கு அப்போது வந்த கோபத்தைப் போல இதுவரை வந்ததில்லை. நீ குடித்துவிட்டு வந்த நாளில்கூட வரவில்லை.

அப்பா காரைக் கிளப்பிவிட்டார். அப்போது அவள் கடையிலிருந்து வேகமாக வந்து என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். எதையோ விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று இறக்கினேன். நாடா இன்னும் அவள் கழுத்தில்தான் கிடந்தது.

"ஆன்ட்டி, எவ்வளவு இறக்கணும்?"

எனக்கு விளங்கவில்லை. "என்னம்மா?"

"எனக்கு எவ்வளவு கீழ வாசிக்கணும்னு அண்ணன் ஏதாச்சும் சொன்னாரா? கேட்டா கரெக்டா கேக்கணும்ல."

எனக்குத் தெரியாது தம்பி. நல்லா கீழ என்று மட்டும்தான் நீ சொன்னாய். எவ்வளவு என்று நீ சொல்லவில்லை, கறி பரிமாறிக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை. தெரியாதும்மா என்றேன். "பரவால்ல ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டாள். வரும் வழியில் நடந்ததையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் இந்த முறை விடு என்று சொல்லவில்லை.

நீ வெளியில் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும், பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் கேமரா முன்னால் செய்கிற காரியம், அதற்கும் அந்தத் தயாரிப்பாளர் பையன் ஒரு காலண்டரைக் கொண்டுவந்து மாட்டுவான். அடுத்த ஆண்டு நீ உட்காரப் போகும் நாற்காலிக்கு முன்னால் இன்னொரு பெண் வந்து நிற்பாள். என்ன ஸ்கேல் என்று கேட்டால், அதே பாட்டுதான் அண்ணா என்பாள். அவள் தடுக்கி விழுந்த பிறகு மார்க் போடுவதற்கு நடுவர் எதற்கு? தெரிந்தவன் ஒருவன் முன்னாலேயே சொன்னால் போதும். அதற்கு நீ லாயக்கானவன்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை, எனக்குத் தெரிய வேண்டும்.

இந்த வாரம் நீ தங்காக்குக்குப் போ. தனியாகப் போ, போனையும் காரிலேயே வைத்துவிட்டுப் போ. அந்தப் பெண்ணைப் பாடச் சொல்லிக் கேட்டு, அவள் தொண்டைக்கு எந்த உயரம் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு வா. உன் காதுக்கு அது ஒரு நிமிட வேலை. அவள் உன்னிடம் பாடுவாளோ மாட்டாளோ, முகத்தைத் திருப்பிக்கொள்வாளோ, அதையும் நின்று வாங்கிக்கொள். மெர்சிங்கில் அத்தனை முதுகைப் பார்த்தவன்தானே. நீ போய் வரும்வரை கல்யாணச் சேலைகளை நான் அலமாரியை விட்டு எடுக்கப் போவதில்லை. அவற்றை மடித்துக் கொடுத்தவள் யார் என்று தெரிந்துகொண்டு உன் மனைவிக்கு நான் எப்படிக் கட்டிவிடுவேன்?

போட்டி முடிந்துவிட்டதம்மா என்று நீ சொல்லக்கூடும். உனக்கு முடிந்துவிட்டது. அவள் கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை என்றாய். சரி, அன்றைக்கு அவள் கேட்கவில்லை.

இன்றைக்குக் கார் கண்ணாடியைத் தட்டிக் கேட்டுவிட்டாள், தம்பி.

அம்மா